காவலனின் வீட்டிற் குடியேறிய கள்வன்



நெருப்புக் காய்ச்சல் என்று நாம் வழங்கும் தைபொயிட்டு, குடலில் தொடங்கும் நோயாயினும் குடலோடு நின்றுவிடுவதன்று. அதன் கதை உண்மையில் நம்மைக் காக்கவேண்டிய ஒருவகைக் கலங்களின் கதையாகும்.

இக்கலங்களைப் பெருவிழுங்கிகள் என்பர். உடலுட் புகும் கிருமியை வளைத்து விழுங்கி, நொதியங்களாற் செரித்து அழிப்பதே இவற்றின் தொழில். உருசியப் பேரரசிற் பிறந்த மெச்னிக்கோவ் என்னும் அறிஞர், 1882இல் இத்தாலியின் மெசீனா நகரிலே, நட்சத்திர மீனின் குடம்பியில் இத்தகைய விழுங்கற் செயலைக் கண்டார். நிர்ப்பீடனம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908இல் நோபெல் பரிசும் பெற்றார்.

இத்தகைய காவலனைத் தைபொயிட்டுக் கிருமி என்ன செய்கிறது? அசுத்தமான நீரோடும் உணவோடும் வரும் அக்கிருமி சிறுகுடற் சுவரைக் கடந்து உட்செல்கிறது. அதன் மேனியைப் போர்த்திருக்கும் மெல்லிய உறையொன்று அதன் அடையாளங்களை மறைப்பதால், உடல் உடனே ஆரவாரஞ் செய்வதில்லை. பெருவிழுங்கி அதனை வழக்கம்போல விழுங்குகிறது. கிருமிக்கு வேண்டியதும் அதுவே! கலத்தினுள் ஒரு சிறு பையில் அடைபட்டபடியே, நுண்ணிய ஊசி போன்ற உறுப்பினாற் சில புரதங்களைக் கலத்துக்குட் செலுத்துகிறது. அழிக்கவரும் நொதியங்கள் வழிதவறுகின்றன. ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகிய இடங்களுக்குக் கிருமியைச் சுமந்து செல்லும் வாகனமாகவும் அக்கலமே ஆகிவிடுகிறது.

இன்னும் வியப்பான செய்தியுண்டு. பெருவிழுங்கிக்குப் போர்க்கோலம் ஒன்று, புண்ணாற்றும் கோலம் ஒன்று என இரு நிலைகள் உண்டு. போர்க்கோலத்தில் அது குளுக்கோசை விரைந்து எரிக்கும். புண்ணாற்றும் நிலையிற் பெரும்பாலும் கொழுப்பையே எரிக்கும். தைபொயிட்டுக் கிருமியின் நெருங்கிய உறவான இன்னொரு சல்மனெல்லாவைச் சுண்டெலிகளிற் செலுத்தி ஆராய்ந்தவர்கள், 2013இல் ஓருண்மையை வெளியிட்டனர். நெடுநாள் தங்கும் கிருமிகள் இந்தச் சாந்தமான கலங்களையே நாடுகின்றன. அங்கே எரியாது எஞ்சும் குளுக்கோசு அவற்றுக்கு உணவாகிறது. வீட்டுக்காரன் உண்ணாத சோற்றை விருந்தாளி உண்பது போலத்தான். ஆனால் இவ்விருந்தாளி அழையாது வந்தவன்.

இதன் விளைவு நோயாளியோடு முடிவதில்லை. காய்ச்சல் தணிந்த பின்னும், நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரையானோரிடம் கிருமி நெடுங்காலம் தங்கிவிடுகிறது. பித்தப்பை அதன் முக்கியமான உறைவிடம். அத்தகையோர் நோயின் சாயலே இன்றி நடமாடுவர். நியூயோர்க்கிற் சமையற்காரியாகப் பணிபுரிந்த அயர்லாந்துப் பெண் மேரி மலனின் துயரம் இதுவே. 1906இல் அவர் சமைத்த கோடைகால வீடொன்றிற் பதினொருவருள் அறுவர் நோயுற்றனர். 1907இல் தனித்தீவிலே தடுத்துவைக்கப்பட்டார். சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910இல் விடுதலையானார். வேறு பெயரில் மீண்டுஞ் சமைத்தார். 1915 முதல் 1938இல் இறக்கும்வரை அத்தீவே அவருக்குச் சிறையாயிற்று. தம்முடலிற் கிருமியுண்டென்பதை அவர் ஏற்கவேயில்லை. சுகதேகியான ஒரு பெண் அதை எப்படி நம்புவாள்?

மருந்து உண்போர் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடலாகாது என மருத்துவர் வற்புறுத்துவதன் காரணம் இப்போது தெளிவாகும். குருதியில் உலவும் கிருமியை மட்டுமன்றி, கலங்களுள் ஒளிந்திருப்பதையும் மருந்து எட்டவேண்டும். 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திற் பரவிய தைபொயிட்டு, வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு மசியவில்லை. வாயால் உட்கொள்ளக்கூடிய மருந்துகளில் அங்கு பயன்பட்டது அசித்திரோமைசின். அது பெருவிழுங்கிகளுக்கு உள்ளேயே சென்று செறியும் இயல்புடையது.