70 சதவீதத்துக்குள் ஒரு 90 நாள்

அக்டோபர் முதல் வாரத்தில் கிண்டிலில் நூல் ஏற்றிய பலருக்கு ஆண்டுக் கடைசியில் ஒரு கெடு வருகிறது. எனக்கு வரும் கடிதங்களைப் பார்த்தால், அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. கோப்பு ஏற்றுவது, அட்டை போடுவது எல்லாம் அத்துப்படி. குழப்பம் ‘கேடிபி செலக்ட்’ என்ற ஒரே ஒரு டிக்கில்தான். அமேசான் அதை வாய்ப்பு என்கிறது. ஒப்பந்தமாகப் படித்தால், மின்வடிவத்தை 90 நாளுக்கு வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ மாட்டேன் என்று எழுத்தாளர் எழுதிக்கொடுப்பது அது. அந்தக் கெடுவுக்குள் நாமாக நிறுத்தாவிட்டால் தானே புதுப்பித்துக்கொள்ளும். நடுவில் புத்தகத்தைக் கடையிலிருந்தே எடுத்தாலும் அந்த 90 நாள் ஓடி முடிய வேண்டும்.

கெட்டிக்காரத்தனம் ராயல்டியில் இருக்கிறது. அமெரிக்க வாசகர் வாங்கும் பிரதிக்கு, விலை வரம்புக்குள் இருந்தால், செலக்டில் சேராமலே 70 சதவீதம் கிடைக்கும். இந்திய வாசகர் வாங்கினால், சேர்ந்தவருக்குத்தான் 70, மற்றவருக்கு 35. (அந்த 70லும் கோப்பின் அளவுக்கேற்ப டெலிவரிச் செலவு கழியும்.) ஆக, எழுத்தாளரின் பங்கு என்று விளம்பரப்படுத்தப்படுவதில் பாதி, வேறு கடை ஏறமாட்டேன் என்ற வாக்குக்குக் கூலி. தமிழில் இது கூடுதலாகவே உறுத்துகிறது. நம் குடும்ப நாவல்கள் பலவும் வலைத்தளத்திலோ பிரதிலிபியிலோ தொடராக வந்தவை. வாசகர் சேர்ந்ததே அங்கேதான். செலக்டில் சேர்ந்துவிட்டால் மாதிரிக்குப் 10 சதவீதம்வரைதான் வெளியே இருக்கலாம். முழுத் தொடரையும் அங்கே விட்டுவைப்பது ஒப்பந்த மீறல். விற்பனையைவிட, செலக்ட் நூல்கள் இடம்பெறும் ‘கிண்டில் அன்லிமிடெட்’ திட்டத்தின் சந்தாதாரர் படிக்கும் பக்கங்களில்தான் வருமானம் என்று தொடர்கதை எழுதுவோர் மறுப்பார்கள். தடித்த நாவலுக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் மாதந்தோறும் அமேசான் தானே நிர்ணயிக்கும் நிதியிலிருந்து வரும் பங்கு. பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதம் முடிந்த பிறகே தெரியும். விலையை முன்கூட்டிச் சொல்லாத ஒருவரிடம் சரக்கு முழுவதையும் ஒப்படைப்பவர், ஒரு தவணை வரவைப் பார்த்துவிட்டாவது அடுத்ததற்குத் தலையாட்டலாம். மெலிந்த கவிதைத் தொகுப்புக்குப் பக்கக் கணக்கில் அவ்வளவு லாபமும் இல்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை கிடையாது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் தாராளமாக விற்கலாம். ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. ‘பேக்கேஜ்’ பதிப்பாளர் அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் அதை 5 ஆண்டு என்றே கொள்ளும். அச்சு நூல் வெளியான 30 நாளுக்குள் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். தபால் செலவு, வெளியிட்டவர் என்ற முறையில், உங்களுடையது.