மூட்டு தயார், தொடைதான் தூங்குகிறது

அம்மாவுக்கு முட்டி மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையிலேயே பிசியோ வாக்கரோடு வந்து நிற்கிறார். "எழுந்திரிங்கம்மா, நாலடி நடந்து பார்ப்போம்." சில ஆஸ்பத்திரிகளில் அன்று மாலையே. பக்கத்தில் நிற்கும் மகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. "புதுசா வச்ச மூட்டு கழண்டுடாதா சார்?" நியாயமான கேள்வி. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம்.

கழலாது. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவிவிட்டு, தொடை எலும்பின் அடியில் ஓர் உலோக மூடி, கீழ்க்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு, நடுவில் வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடு என்று பொருத்துகிறார்கள். பெரும்பாலும் இவற்றை எலும்போடு பிடித்துவைப்பது ஒருவகை சிமென்ட். வீட்டுத் தளம்போல நாள்கணக்கில் தண்ணீர் விட்டுக் காத்திருக்கிற சிமென்ட் இல்லை இது. கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். தியேட்டரை விட்டு வெளியே வரும்போதே மூட்டு எடை தாங்கத் தயார். யாருக்காவது எடை போடக் கூடாதென்றால் டாக்டரே சொல்லிவிடுவார்.

தயாராக இல்லாதது தொடை. முன்தொடைத் தசைதான் முட்டியை நீட்டிப் பிடித்து நம்மை நிற்கவைப்பது. வலிக்குப் பயந்து பல வருடம் காலைக் காப்பாற்றியே நடந்ததில் அது முன்பே மெலிந்திருக்கும். ஆபரேஷன் ஆனதும் முட்டி வீங்குகிறது. வீங்கிய முட்டியிலிருந்து போகும் சேதியைக் கேட்டு நரம்புகள் அந்தத் தசைக்கு வரும் உத்தரவைக் குறைத்துவிடுகின்றன. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாத முட்டிக்குள் உப்புநீரை ஏற்றிப் பார்த்தார்கள். 20, 30 மில்லி போனதுமே தொடையின் உள்பக்கத் தசை தளர ஆரம்பித்தது. உங்கள் கையில் இருக்கும் டீ கிளாஸில் கால்வாசி அளவுதான் அது. ஆபரேஷனுக்கு ஒரு மாதம் கழித்து அளந்தால், தொடையின் பலம் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போயிருப்பதும் உண்டு. "காலைத் தூக்க நினைக்கிறேன், தூக்க வரலை" என்று அம்மா சொல்வது சோம்பல் இல்லை.

அதனால்தான் முதல் பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல இருக்கும். மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைக்க வேண்டும். முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலை நோக்கி அழுத்தியபடி தொடையை இறுக்க வேண்டும். முட்டிச் சில்லு இடுப்புப் பக்கமாகக் கொஞ்சம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடலாம். மூச்சை அடக்கக் கூடாது. இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளில் சில வேளை. முதல் நாள் சில்லு அசையவே அசையாமல் இருக்கலாம். தொடையில் கையை வைத்துக்கொண்டு முயன்றால் எந்த இடம் இறுக வேண்டும் என்பது பிடிபடும். கூடவே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தால் கெண்டைக்காலில் ரத்தம் தேங்காது.

எல்லோரும் "எத்தனை டிகிரி மடங்குது?" என்றே கேட்கிறார்கள். நீட்டுவதை யாரும் கேட்பதில்லை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அப்படியே விட்டால் கால் லேசாக வளைந்தபடி நின்றுவிடும். பிறகு ஒவ்வோர் அடியிலும் தொடை கூடுதலாக உழைக்க வேண்டும், நடையும் நொண்டும். தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும்.

மடக்குவதற்குக் குதிகாலைக் கட்டிலில் தேய்த்தபடி பின்னுக்கு இழுப்பதே போதும். சமதரையில் நடக்க ஏறக்குறைய 65 டிகிரி மடங்க வேண்டும். படி ஏறி இறங்கவும் நாற்காலியில் உட்கார்ந்து எழவும் 90-க்கு மேல். நாற்காலியில் உட்கார்ந்து பாதம் முட்டிக்கு நேர்கீழே தரையில் பதிந்தால், அதுதான் 90. பலருக்கு இரண்டு, மூன்று வாரத்தில் வந்துவிடும். சம்மணத்துக்கும் இந்திய டாய்லெட்டுக்கும் இதைவிட நிறைய மடங்க வேண்டும். இப்போதைக்கு அந்த ஆசை வேண்டாம்.

காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷின் ஒன்று உண்டு. கனடாவின் டாக்டர் ராபர்ட் சால்டர் 1970-களில் முன்வைத்த யோசனை அது. ஆனால் மூட்டு மாற்றியவர்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பிசியோ பயிற்சியைவிட அது சொல்லிக்கொள்ளும்படி எதையும் கூடுதலாகத் தரவில்லை. மெஷின் மடக்கும்போது தொடை சும்மாதானே இருக்கிறது!

வலிக்காமல் முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டும் செய்யக் கூடாது. டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரைமணி, முக்கால்மணி கழித்துத் தொடங்கலாம். முடிந்ததும் காலை உயர்த்தி, துணி சுற்றிய ஐஸ் பேக்கைக் கால் மணி நேரம் வைக்கலாம். மறுநாள் காலை முட்டி முன்னைவிட வீங்கியிருந்தால் நேற்று செய்தது அதிகம். குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். அதிக வீக்கம் தொடையை மறுபடியும் தூங்கவைக்கும். சும்மா படுத்திருந்தாலோ முட்டி இறுகிப்போகும். ரொம்பவும் இறுகிவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிவரும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே போகட்டும், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால். எடையைத் தூக்குவதும் இறக்குவதும் அப்போது நல்ல காலின் பொறுப்பாகிவிடும்.

தழும்புக்குப் பக்கத்தில் மரத்திருப்பதும், முட்டி சில மாதம் கதகதப்பாக இருப்பதும் சகஜம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் மட்டும் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் வந்தாலும் தையலில் நீர் கசிந்தாலும் அப்படியே. திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆறு வாரத்தில் நடை சீராகிவிட்டது என்று பயிற்சியை விட்டுவிடுபவர்கள் நிறைய. தொடை முழுப் பலத்துக்கு வர மாதங்கள் ஆகும், வருடமும் ஆகலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தண்ணீர், காபி, மாத்திரை, ரிமோட் என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அம்மா வாக்கரைப் பிடித்துச் சமையலறை வரை வரட்டும், நீங்கள் கூடவே நடங்கள். பிரியத்தை அப்படியும் காட்டலாம்.