ஸ்போர்ட்டி செடான் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? செலவு செய்யும் முன் இதையெல்லாம் சோதித்துப் பாருங்கள்!

வளைவில் சாயாமல் திரும்பும். ஹைவேயில் 100 கி.மீ வேகத்திலும் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால், அதே ஸ்போர்ட்டி செடானின் பின் சீட்டில் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்ததும் கதை மாறிவிடும். ‘இவ்வளவு காசு கொடுத்து வாங்கின வண்டி, ஏம்ப்பா இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?’ என்ற கேள்வி வந்துவிடும். முதுகுவலி உள்ளவர்கள் அந்த காரில் ஏறவே தயங்குவார்கள்.

அடுத்து ஆளுக்கொரு யோசனை. மெக்கானிக் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வார். டயர் கடைக்காரர் டயரை மாற்றச் சொல்வார். நண்பர் ஒருவர், ‘டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு வை, எல்லாம் சரியாகிடும்’ என்பார். முதல் இரண்டும் தேவையில்லாத செலவாக முடியலாம். மூன்றாவது, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு பர்ஸைத் திறப்பதே சரியான வரிசை.

கோளாறா, குணமா?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அந்த ஸ்பிரிங் தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். ஸ்போர்ட்டி கார்களில் இந்த இரண்டையுமே கொஞ்சம் இறுக்கமாக அமைப்பார்கள். அதனால்தான் வளைவிலும் பிரேக் அடிக்கும்போதும் பாடி அதிகம் ஆடாது. அதே இறுக்கம், சாலையின் மேடு பள்ளத்தை உள்ளே இருப்பவர்களுக்கும் அனுப்பிவைக்கும்.

மனித உடல், விநாடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழுமாக வரும் அதிர்வைத்தான் மிக அதிகமாக உணர்கிறது. சாதாரண குடும்ப கார்களின் பாடி விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை என்ற நிதானத்தில் ஆடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அது தாலாட்டு மாதிரி. சஸ்பென்ஷன் இறுக இறுக, உடலுக்குப் பிடிக்காத எல்லையை நோக்கி அந்த ஆட்டம் நகரும்.

ஆக, முதல் கேள்வி இதுதான்: கார் வாங்கிய நாளிலிருந்தே இப்படியா, சமீபத்தில்தான் இப்படி ஆனதா? முதல் நாளிலிருந்தே என்றால் அது காரின் குணம், ஓரளவு தணிக்கலாம். இடையில் வந்தது என்றால் அது கோளாறு. பெரும்பாலும் சரி செய்துவிடலாம்.

காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள்!

தெரிந்த ஒரு மோசமான தெருவைத் தேர்ந்தெடுங்கள். ஏசி, பாட்டு இரண்டையும் அணைத்துவிட்டு, டிக்கியில் உருளும் சாமான்களை எடுத்துவிட்டு, ஒரே வேகத்தில் இரண்டு முறை போய் வாருங்கள். ஒருமுறை வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் உட்காருங்கள். பின் சீட், பின் சக்கரத்துக்கு அருகில் இருப்பதால் அங்குதான் உண்மை தெரியும்.

சின்னச் சின்ன விரிசல், சாலையின் ஒட்டு எல்லாம் ‘டக் டக்’ என்று கூர்மையாகத் தெரிந்தால், சந்தேகம் டயர் மீதும் காற்றின் மீதும் போக வேண்டும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது ‘தட்’ என்று அடிவாங்கினால், ஷாக் அப்சார்பரோ அதன் மேல்முனையில் உள்ள ஸ்ட்ரட் மவுன்ட்டோ காரணமாக இருக்கலாம். மெதுவாகப் போகும்போது ‘கடகட’ சத்தம் வந்தால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நல்ல சாலையில் 80 கி.மீ-க்கு மேல் போகும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால், அது சஸ்பென்ஷன் பிரச்னையே அல்ல. வீல் பேலன்ஸிங் அல்லது வளைந்த அலாய் வீலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் காற்று!

செலவே இல்லாத வைத்தியம் இது. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ டயர் பிரஷர் அளவு இருக்கும். பல கார்களில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று, இரண்டு மூன்று பேர் பயணிக்கும்போது. மற்றொன்று, ஐந்து பேரும் லக்கேஜும் இருக்கும்போது. மைலேஜ் கிடைக்கும் என்று எப்போதும் ஃபுல் லோடு அளவையே நிரப்பி வைத்திருப்பவர்கள் ஏராளம். தனியாக அலுவலகம் போகும்போது கார் குதிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரம் கார் நின்றிருக்க வேண்டும். டயரின் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் கூடினாலே பிரஷர் சுமார் 1 பி.எஸ்.ஐ ஏறிவிடும். ஹைவேயில் ஓடி வந்த சூட்டில் அளந்து, ‘அதிகமா இருக்கே’ என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயரில் காற்று குறைவாக இருக்கும். பங்க்கில் உள்ள கேஜ்களை முழுமையாக நம்பாமல், சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி காரிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கீழே மட்டும் இறங்கவே கூடாது. காற்று குறைந்த டயர், உருளும்போது அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும். அதில் சூடு ஏறும். கோடையில் ஃபுல் லோடில் பல மணி நேரம் ஓடும்போது டயர் வெடிக்கும் அபாயம் இதில்தான் இருக்கிறது. நைட்ரஜன் நிரப்பினால் கார் மென்மையாக ஓடும் என்பதும் சரியல்ல. நாம் நிரப்பும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்!

டயரின் பக்கச்சுவர் சொல்லும் கணக்கு

டயரில் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள். 205/55 ஆர்16 என்று இருந்தால், டயரின் அகலம் 205 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவிகிதம். அதாவது சுமார் 113 மி.மீ. ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா போன்ற செடான்களில் வரும் அளவு இது. அழகுக்காக 17 இன்ச் வீலுக்கு மாறி 225/45 போட்டால் பக்கச்சுவர் 101 மி.மீ ஆகிவிடும். 18 இன்ச்சில் 225/40 என்றால் வெறும் 90 மி.மீ. மூன்றின் வெளிவிட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால், அடியை முதலில் வாங்கிக்கொள்ளும் ரப்பர் மெத்தை 23 மி.மீ குறைந்துவிட்டது. பள்ளத்தில் அலாய் வீல் வளைவதும் இதனால்தான்.

எனவே, பெரிய வீல் போட்ட கார் குதித்தால், கம்பெனி கொடுத்த பழைய அளவுக்குத் திரும்புவதே முதல் தீர்வு. ஒரே மாடலில் 16, 17 என்று இரண்டு அளவுகளையும் கம்பெனியே அனுமதித்திருந்தால், சின்ன வீலுக்கு இறங்கலாம். டயரின் லோடு இண்டெக்ஸ் எண் மட்டும் குறையக் கூடாது. உதாரணமாக, 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண், தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும், வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். புது டயர் வாங்கும்போது ஸ்போர்ட்ஸ் வகைக்குப் பதிலாக, சொகுசுக்கென்று வரும் டூரிங் வகையைக் கேட்டு வாங்கினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பல பிஎம்டபிள்யூ கார்களில் ரன்-ஃப்ளாட் டயர் வரும். பஞ்சரான பிறகும், வழக்கமாக 80 கி.மீ வேகத்தில் 80 கி.மீ தூரம் வரை ஓடும்படி அதன் பக்கச்சுவரைத் தடிமனாக்கியிருப்பார்கள். கடினத்துக்கு அதுவும் ஒரு காரணம். சாதாரண டயருக்கு மாறுகிறவர்கள் ஸ்டெப்னியோ, பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்ப்பும் கையோடு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

சின்ன ரப்பர், பெரிய தொல்லை

காற்றும் டயரும் சரியாக இருந்தால், அடுத்து காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுன்ட், பம்ப் ஸ்டாப் ஆகியவற்றில் விரிசலோ, கிழிசலோ, ஆட்டமோ இருக்கிறதா என்று நீங்களும் அருகில் நின்று பாருங்கள். ஷாக் அப்சார்பர் செட்டோடு ஒப்பிட்டால் லிங்க் ராடு, புஷ் போன்றவை விலை குறைந்தவை. ஆனால், ‘ஷாக் போயிடுச்சு’ என்று தவறாக நினைக்கவைப்பதும் பெரும்பாலும் இவைதான்.

புஷ் மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கார் லிஃப்ட்டில் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், கீழே இறங்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். கார் விறைப்பாக ஓடும். புது புஷ்ஷும் சீக்கிரமே கிழியும். சக்கரத்தின் மீது காரின் எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வதில் தவறில்லை.

ஷாக் அப்சார்பர் போய்விட்டதா?

பானெட்டின் ஒரு மூலையைப் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். கார் மேலே வந்து உடனே நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் தளர்ந்திருக்கிறது. ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்திருந்தாலும், டயர் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். தளர்ந்த ஷாக், சஸ்பென்ஷனைக் கடைசி வரை இறங்கவிட்டு பம்ப் ஸ்டாப்பில் மோதவைக்கும். அந்த மோதலைத்தான் பலர் ‘சஸ்பென்ஷன் ஹார்டா இருக்கு’ என்கிறார்கள். மாற்றுவதென்றால் முன்புறம் இரண்டு, அல்லது பின்புறம் இரண்டு என்று ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட்டும் கட்டாயம்.

‘கம்ஃபர்ட் மோடு போட்டும் மாறலையே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் அடாப்டிவ் டேம்பர் இருக்கும் கார்களில்தான் அந்த பட்டன் சஸ்பென்ஷனைத் தொடும். மற்ற கார்களில் அது ஆக்ஸிலரேட்டர், கியர், ஸ்டீயரிங்கோடு நின்றுவிடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்!

* அடி தட்டாமல் இருக்க ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவது. ஸ்பிரிங்கின் அந்தச் சுற்றுகள் வேலை செய்யாமல் போவதால், கார் உயரும்; ஆனால் இன்னும் கடினமாகும். பழைய கார் வாங்கியவர்கள், முன்பிருந்தவர் இதைப் போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

* ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்துவது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும். இறங்கி ஏறும் தூரமும் குறையும். பெரிய பள்ளத்தில் துள்ளும்போது ஸ்பிரிங் இடம் நகரவும் வாய்ப்புண்டு.

* பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு இதைத் தடை செய்கிறது. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நேரத்திலும் இது சிக்கலாகலாம்.

* ஒரே நாளில் டயர், ஷாக், புஷ் என எல்லாவற்றையும் மாற்றுவது. எது பலன் கொடுத்தது என்றே தெரியாது. ஒன்றை மாற்றி, அதே தெருவில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கொஞ்சம் வலது காலும் உதவட்டும்!

இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டுதல்படி ஒரு ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ உயரமும் இருக்க வேண்டும். அதையே 25 கி.மீ வேகத்தில் கடக்கும்படிதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் தெருக்களில் குறுகலாகவும் செங்குத்தாகவும் நிற்கும் மேடுகளை அதே வேகத்தில் கடந்தால் எந்த சஸ்பென்ஷனும் தாங்காது. மேட்டுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, ஏறும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கை அழுத்தியபடியே ஏறினால் காரின் மூக்கு தாழ்ந்து, முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். பாதி அடி அங்கேதான் விழுகிறது.

இத்தனையும் செய்த பிறகும் ஸ்போர்ட்டி செடான் ஊஞ்சலாக மாறிவிடாது. ஆனால், ‘தூக்கிப் போடுகிறது’ என்பது ‘கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது’ என்ற அளவுக்கு இறங்கிவிடும். நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன், கதவோரம் உள்ள ஸ்டிக்கரைப் படித்து, டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்துவிடுங்கள். ஐந்தே நிமிட வேலை. பலருக்கு வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.