கையெழுத்தும் வாழ்க்கைத் துணையும்

திருகோணமலை தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892ஆம் ஆண்டில் 'தத்தைவிடு தூது' என்னும் நூலை வெளியிட்டுப் பெண்ணின் மனவிருப்பத்திற்காக வாதாடினார். கிளியைத் தூதுவிட்ட உள்ளம் பின்னர்க் கடிதத்தைத் தூதாக்கிற்று. வரப்போகும் துணையின் கடிதத்தைக் கையில் ஏந்தியவர், இவ்வெழுத்திலே அவர் குணத்தையும் காணலாமோ என எண்ணுவது இயல்பே.

இந்த ஆவலிலிருந்து ஒரு சாத்திரமே எழுந்தது. 1622இல் இத்தாலியரான கமில்லோ பால்டி அதுபற்றி நூல் செய்தார். 1870களில் பிரெஞ்சுப் பாதிரியார் மிஷோன் அதற்கு முறை வகுத்தார். வலப்புறம் சாய்ந்த எழுத்து அன்பைக் காட்டும், நெருங்கிய எழுத்து சிக்கனத்தைக் காட்டும் என்பன போன்ற விதிகள் பரவின. அவை உரோம எழுத்தைக் கண்டு வகுத்தவை. தமிழிலோ, ஓலையில் எழுதியோர் ஏடு கிழியுமென்று புள்ளியை விடுத்தனர். அது கருவியின் இயல்பேயன்றிக் குணக்குறை அன்று.

எழுதியவர் யாரெனக் கண்டறிதல் வேறு. அவர் குணத்தை அறிதல் வேறு. 1989இல் நேட்டர், பென்-ஷகார் என்னும் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். இச்சாத்திரம் கற்றவர் கணிப்பு, கல்லாதவர் கணிப்பைவிடச் சிறந்ததாய் இல்லை. குணத்தைச் சிறிதேனும் புலப்படுத்தியது எழுத்தின் சாய்வன்று, எழுதிய செய்தியே.

ஆகவே, திருகோணமலையிலாயினும் இலங்கைத்துறையிலாயினும் திருமணம் பேசுவோர், கோணல் எழுத்தைக் கண்டு நல்லவரை இழக்கவேண்டா. முத்துப்போன்ற எழுத்தில் மயங்கவும் வேண்டா. கேட்ட கேள்விக்கு நேரான விடை உண்டா? சீதனத்தைப் பற்றி எத்தனை வரி, பெண்ணின் படிப்பைப் பற்றி எத்தனை வரி? கடிதத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கவை இவையே.