பெட்ரோலுக்கும் பொறுமை உண்டு!

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? இருந்தால், அதற்குப் பெட்ரோல் போடுகிறவர் யார்? "அவர்தான்" என்று சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போய், திரும்பும் வழியில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதைக் கண்டு பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறவர் பல வீடுகளில் நீங்கள்தான். ஆகையால்தான் இந்த விஷயத்தை உங்களிடம் சொல்ல வந்தேன். ஆண்களிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!

என் தங்கையின் கணவர் பரம சாது. காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டால்கூட வாயைத் திறக்காமல் குடித்துவிட்டுப் போகிறவர். அப்பேர்ப்பட்ட மனிதர், டர்போ வைத்த சின்னக் கார் ஒன்றை வாங்கிய பிறகு வேறு ஆளாகிவிட்டார். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் ஒரே பேச்சு: "ட்யூனிங்."

ட்யூனிங் என்றதும் சங்கீத வித்வான்கள் ஞாபகம் வருகிறதா? ஏறக்குறைய அதேதான். இப்போது வரும் கார்களில் எஞ்சினுக்கு மூளை மாதிரி ஒரு கணினிப் பெட்டி இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எந்தக் கணத்தில் பொறி பறக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அமுக்கித் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் கணக்காக எழுதப்பட்டிருக்கும். கம்பெனிக்காரர்கள் ஜாக்கிரதையாகப் போட்ட அந்தக் கணக்கை அழித்து, கொஞ்சம் துணிச்சலான கணக்கை எழுதுவதற்குத்தான் ட்யூனிங் என்று பெயர். வீணைத் தந்தியை முறுக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவோடு முறுக்கினால் சுருதி ஏறும். அதிகமாக முறுக்கினால் தந்தி போய்விடும்.

மாப்பிள்ளை ஒரு நல்ல நாள் பார்த்து முறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இனிமேல் கார் பறக்கும், பார்!" என்று மட்டும் தங்கையிடம் சொன்னார். அந்தப் புதுக் கணக்கு 100 ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதல்ல. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

இந்த ஆக்டேன் என்பது என்ன? நம்மில் பலர், முதல் டிகாக்ஷன், இரண்டாம் டிகாக்ஷன் என்பது போல இது பெட்ரோலின் 'ஸ்ட்ராங்'கைக் காட்டும் எண் என்று நினைக்கிறோம். அப்படியே அல்ல. 100 ஆக்டேன் பெட்ரோலில் அதிக சக்தி ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. அதில் அதிகமாக இருப்பது பொறுமை!

எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. நெருக்கினால் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சரியான தருணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விட வேண்டும். தீ ஓரிடத்தில் பிடித்து ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். அதுதான் முறை. ஆனால் மூலையில் மீதியிருக்கும் கலவை, சூடும் நெருக்கமும் தாங்காமல், தீ தன்னிடம் வந்து சேருவதற்குள் தானாகவே குப்பென்று வெடித்துவிட்டால்? பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி இருக்கும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வெளியே கேட்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள்.

இந்த முந்திரிக்கொட்டைத்தனம் செய்யாமல், தன் முறை வரும்வரை காத்திருக்கும் குணத்துக்குப் பெட்ரோல் வாங்குகிற மார்க்குதான் ஆக்டேன் எண். சாதாரணப் பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட எஞ்சினில் 100 ஆக்டேனை ஊற்றுவது, பொறுமைசாலியான மருமகள் சாந்த சொரூபியான மாமியாரிடம் போய்ச் சேர்ந்த கதைதான். அந்தப் பொறுமைக்கு அங்கே வேலையே இல்லை. நெருக்குகிற கை பலமாக இருந்தால்தான் அதன் அருமை தெரியும். டர்போ வைத்த எஞ்சினில் ட்யூனிங் செய்து காற்றை இன்னும் அமுக்குகிறார்கள்; பொறியையும் முந்தி விடுகிறார்கள். அங்கேதான் அது அவசியமாகிறது.

மார்க் போடும் இந்த முறை 1926-ல் ஏற்பட்டது. கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். லேசில் வெடிக்காத ஐஸோ-ஆக்டேனுக்கு 100. தொட்டதற்கெல்லாம் வெடிக்கும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம். 95 ஆக்டேன் பெட்ரோல் என்றால், முதலாவதில் 95 பங்கும் இரண்டாவதில் 5 பங்கும் கலந்தால் அந்தக் கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் என்று பொருள்.

மார்க்கை மலிவாக உயர்த்த ஒரு குறுக்குவழியும் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் துளி கலந்து பார்த்தார். நாக்கிங் நின்றுவிட்டது! நின்றது எஞ்சினின் சத்தம்; கிளம்பியது வேறு விபரீதம். கார்களின் புகையோடு ஈயமும் காற்றில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம் அது. இந்தியாவில் 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் அதற்கு முழுக்குப் போட்டார்கள். உலகத்தில் கடைசியாகக் கைவிட்ட தேசம் அல்ஜீரியா, 2021-ல்! ஒரு தலைமுறையா, இரண்டு தலைமுறையா? நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இன்று ஆக்டேனை ஏற்றுவதற்குச் சுத்திகரிப்பு ஆலையில் வேறு வழிகள் இருக்கின்றன. எத்தனால் கலப்பதும் அதில் ஒன்று.

எரிபொருளை மாற்றிவிட்டு முறுக்கை ஏற்றியதற்குப் பெரிய உதாரணம் ஒன்று யுத்த காலத்தில் இருக்கிறது. 1940-ல் பிரிட்டிஷ் விமானப்படை தன் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் சண்டை விமானங்களை 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாற்றியது. பெட்ரோலை மாற்றியதோடு நிற்கவில்லை. எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தத்தை, ஆபத்து நேரத்தில், சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டிலிருந்து 12 பவுண்டு வரை உயர்த்த அனுமதித்தார்கள். எதிரி வால்பக்கம் வந்துவிட்டால் விமானி நெம்புகோலைத் தள்ளுவான்; விமானம் சீறும். பெட்ரோல் முதலில், முறுக்கு அப்புறம் என்ற வரிசையைக் கவனித்தீர்களா? 87 ஆக்டேனை வைத்துக்கொண்டு அதே நெம்புகோலைத் தள்ளியிருந்தால் எஞ்சினே எதிரியாகியிருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே சாதாரணப் பெட்ரோலுக்கு நெடுநாள் வரை 91 என்பது கணக்கு. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 95 என்று சர்க்கார் சொல்கிறது. 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் தில்லி முதலிய சில நகரங்களில் விற்பனைக்கு வந்தது. தில்லியில் அன்று லிட்டர் 160 ரூபாய். சாதாரணப் பெட்ரோல் 82 ரூபாய்ச் சொச்சம். ஏறக்குறைய இரட்டை விலை! அதுவும் எல்லாப் பங்கிலும் கிடைக்காது. இதற்கிடையில் கலிபோர்னியாவில் இருக்கும் மருமகன், "நான் 91 போடுகிறேன், உயர்ந்த ரகம்" என்று டெலிபோனில் பெருமையடித்தால் குழம்பாதீர்கள். அமெரிக்காவில் மார்க் போடும் முறையே வேறு. அவர்களுடைய 91 நம்முடைய 95, 96-க்குச் சமம்.

ட்யூனிங் செய்வதற்கு முன்னால் பெட்ரோலை மாற்ற வேண்டும் என்றேன் அல்லவா? ஒர்க்‌ஷாப் வாசலில் ஐந்து லிட்டர் ஊற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தால் போதாது. அடியில் புளித்த மாவு கிடக்க, மேலே புது மாவைக் கொட்டினால் தோசை புளிக்காமல் இருக்குமா? 45 லிட்டர் டாங்கில் பாதி 95, பாதி 100 என்றால் கலவை ஏறக்குறைய 97½தான். பழையது 5 லிட்டர் வரும்வரை ஓட்டிவிட்டு 40 லிட்டர் புதியதைப் போட்டால் 99½-க்கு வரும். அதையும் ஓட்டித் தீர்த்து மறுபடி ஒருமுறை நிரப்பினால் 100-ஐத் தொட்டுவிடும். ஆகவே இரண்டு டாங்க். அதற்காக ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வற்றவிடாதீர்கள். டாங்குக்குள் இருக்கும் பம்ப், பெட்ரோலில் முழுகியிருந்துதான் சூடு தணிகிறது.

அந்த இரண்டு டாங்க் ஓடும் நாட்களில் வேறொரு காரியமும் நடக்கிறது. எஞ்சினில் நாக்கிங்கைக் கேட்பதற்கென்றே ஒரு 'காது' இருக்கிறது. சத்தம் கேட்டால் கணினி பயந்து, பொறியைத் தாமதமாக விடும். நல்ல பெட்ரோல் வந்த பிறகு மெள்ள மெள்ளப் பயம் தெளியும். அப்படித் தெளிந்த எஞ்சினைக் கருவியில் மாட்டி, ஓட்டிப் பார்த்து, அதற்கு ஏற்பக் கணக்கு எழுதுகிறவர்தான் நல்ல ட்யூனர். மாப்பிள்ளைக்கு வாய்த்தவர் அவசரக்காரர். போதாக்குறைக்கு, அந்தக் 'காது' கணினியை ரொம்பவும் தடுக்காதபடி அதையும் கொஞ்சம் அடைத்துவிட்டாராம்!

கோடை விடுமுறையில் தங்கை, குழந்தைகளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் புறப்பட்டாள். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் லீவு இல்லை. சேலத்துக்கு முன்னால் ஒரு பங்கில், வழக்கம்போல, சாதாரணப் பெட்ரோலை நிரப்பிக்கொண்டாள். மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி வெயில், ஏ.ஸி., நிறைந்த பாரம். பாதி மலையில் டப்பாவில் கூழாங்கல் குலுங்கும் சத்தம் கேட்டது. "சாமான் ஏதோ உருளுகிறது போலிருக்கிறது" என்றார் மாமியார். தங்கையும் அப்படித்தான் நினைத்தாள். இன்னும் மூன்று வளைவு ஏறியதும் கார் இருமியது, மஞ்சள் விளக்கு எரிந்தது, இழுவை நின்றுவிட்டது. குழந்தைகளை வெயிலில் நிறுத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் லாரிக்காகக் காத்திருந்தாள்.

எஞ்சினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டனின் விளிம்பு உடைந்திருந்தது. கம்பெனிக்காரர்கள் கணினியைப் பார்த்துவிட்டு, "கணக்கை மாற்றியிருக்கிறீர்கள், உத்தரவாதம் செல்லாது" என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். தங்கை இரண்டு வளையல் செய்துகொள்ளச் சேர்த்து வைத்திருந்த பணம் அதில் போயிற்று.

அவளுக்கு வளையல் போனதில்கூட அத்தனை வருத்தமில்லை. "அக்கா, வண்டி ஓட்டுகிறவள் நான், பெட்ரோல் போடுகிறவள் நான், குழந்தைகள் என் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வளைவில் பஸ் வரும்போது நின்றிருந்தால்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?" என்றாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அது மறதியால் அல்ல!

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தால் வேண்டாம் என்று ஒரேயடியாகத் தடுக்க வேண்டியதில்லை. பெட்ரோல் மூடியின் உட்புறம் குறைந்தபட்ச எண் ஒட்டியிருக்கும், அதைப் படியுங்கள். நீங்கள் போகும் வழிகளில் எந்தப் பங்கில் உயர்ந்த ரகம் கிடைக்கிறது, மாதம் எத்தனை ரூபாய் கூடும் என்று கேளுங்கள். இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லியாயிற்றா என்றும் கேளுங்கள். வெளியூரில் சாதாரணப் பெட்ரோல்தான் கிடைத்தது என்றால் அதற்கு ஒரு சாந்தமான கணக்கைத் தனியாக எழுதித் தர முடியுமா என்பதை ட்யூனரிடமே கேட்கலாம். தெரிந்தவர்கள் எழுதித் தருகிறார்கள். ஒருவேளை தவறிப் போட்டுவிட்டால், பதற வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், மேட்டில் திணறவிடாமல் மெதுவாக ஓட்டி, நல்ல பெட்ரோலைக் கலந்துவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து மாப்பிள்ளை மறுபடியும் மெள்ள ஆரம்பித்தார். "பேஷாகச் செய்யுங்கள், நானும் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன்" என்றாள் தங்கை. போனாள். இரண்டு டாங்க் ஓட்டிய பிறகுதான் போனாள். ட்யூனர் வேறு ஆள். அவர் கருவியை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது, பின் ஸீட்டில் உட்கார்ந்து, திரையில் ஓடும் எண்களுக்கெல்லாம் அர்த்தம் கேட்டுக்கொண்டே வந்தாளாம். இரண்டு கணக்கு எழுதச் சொல்லி வாங்கி வந்திருக்கிறாள். பெட்ரோல் மூடியைத் திறந்தால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஊறுகாய் ஜாடிகளுக்கு எழுதும் அதே கையெழுத்து. "100 மட்டும். கிடைக்காவிட்டால் எனக்கு டெலிபோன் செய்யவும்."