ஒரு சிட்டிகைத் தூளின் தாகம்

கோல சிலாங்கூர் மாவட்டத்துப் புக்கிட் பெலிம்பிங்கில், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு நாய்க்குட்டி வந்ததும் எழும் முதல் கேள்வி, அது எங்கே சிறுநீர் கழிக்கும் என்பதுதான். தடுப்பூசிகள் முடிய ஏறத்தாழ 16 வாரம் ஆகும். அதுவரை பொது இடத்து மண்ணில் அதை இறக்கிவிடுவது ஆபத்து. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். அந்த வாரங்களில் கைகொடுப்பது கடையில் 'பப்பி பேட்' என்று விற்கும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் விரிப்பு.

புதிய விரிப்பு ஒன்றைக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள். மேலே ஈரத்தை உள்ளே விடும் மெல்லிய படலம். அடியில் நீர் கசியாத பிளாஸ்டிக் தாள். நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு. பஞ்சை உதறினால் சர்க்கரை போல வெண்மணிகள் உதிரும். அவை சோடியம் பாலிஅக்ரிலேட்.

ஒவ்வொரு மணியும் சுருண்டு பின்னிய நீண்ட மூலக்கூறுகளின் வலை. நீர் பட்டதும் சங்கிலியில் ஒட்டியிருந்த சோடியம் அயனிகள் பிடி தளர்கின்றன. எஞ்சும் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ள, சங்கிலி விரிகிறது. உள்ளே அயனிகள் அதிகம் என்பதால் வெளியிலிருந்து நீர் புகுந்துகொண்டே இருக்கிறது. சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால் மணி கரைவதில்லை; கூழாகி நிற்கிறது. தூய நீரில் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். உப்பு கலந்த சிறுநீரில் அந்தத் திறன் சில பத்து மடங்காகக் குறைந்துவிடும். நீரில் ஊறிய கூழின்மேல் சமையல் உப்பைத் தூவினால், பிடித்த நீரை அது திரும்ப விடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இத்தகைய உறிஞ்சிகளில் முன்னோடியான ஒன்று அமெரிக்க வேளாண்துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தில், சோள மாவுச்சத்திலிருந்து உருவானது. மண்ணில் ஈரத்தைத் தக்கவைப்பது அதற்குக் கண்ட பயன்களில் ஒன்று. குழந்தைகளின் டயாப்பரில் இவ்வகைப் பொருள் பரவியது 1980களில்.

ஆனால் தூள் பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதி குட்டியுடையது. பிறந்து சுமார் மூன்று வாரம்வரை தாய் நக்கித் தூண்டினால்தான் அது சிறுநீர் கழிக்கும். பிறகு படுக்கையைவிட்டு விலகிப் போகத் தொடங்கும். எட்டு, ஒன்பது வாரத்தில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாதத்துக்குத் தட்டுப்படும் பரப்பும் மூக்குக்குப் பழகிய வாடையுமே அதற்கு அடையாளம். அதனால்தான் விரிப்பில் பழகிய குட்டி, அதேபோல் மெத்தென்றிருக்கும் கால்மிதியையும் தேடிப்போகிறது. அதை அடிப்பதில் பயனில்லை. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் விரிப்புக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே கழித்த உடனே பாராட்டுங்கள். தரையை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். சிறுநீரின் வாடையும் அம்மோனியாதான். கிழித்துத் தின்னும் குட்டிக்கு விரிப்பு ஆகாது. விழுங்கிய துண்டு குடலை அடைத்துவிடலாம்.

எறிந்த விரிப்பு எங்கே போகிறது? கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே, ஜெராமில், 2007 முதல் பெரிய குப்பை நிரப்புநிலம் இயங்குகிறது. பஞ்சு மட்கினாலும் பிளாஸ்டிக்கும் பாலிமரும் எளிதில் மட்காது. எனவே விரிப்பை நிரந்தரமாக்காதீர்கள். நாளுக்குக் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்துங்கள். தடுப்பூசி முடிந்ததும் அதைப் புல்தரைமேல் போட்டு, வரவர அளவைச் சிறிதாக்குங்கள். குட்டியின் பாதம் புல்லுக்குப் பழகிவிட்டால், அடுத்த பாக்கெட் வாங்கும் அவசியமே இருக்காது.