வாவிக்கரை வகுப்பறை – 7: மூன்றாம் தொகுதி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு தகப்பன் வழிமறித்துக் கேட்டார்: “சேர், மகள் பத்தாம் ஆண்டுக்குப் போறா. கொம்பியூட்டர் எடுக்கச் சொல்லவா, மற்றதை எடுக்கச் சொல்லவா?”

மற்றது என்று அவர் சொன்னது ‘வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியலும்’ என்ற பாடத்தை. மகளுக்கு இரண்டிலும் விருப்பம். ஆனால் க.பொ.த. சாதாரண தரத்தில் அதற்கு இடமில்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், வடிவமைப்புப் பாடங்கள், விவசாயம், நீருயிரின வளத் தொழினுட்பவியல் எல்லாம் மூன்றாம் தொகுதிக்குள் கிடக்கின்றன. அதிலிருந்து ஒன்றைத்தான் எடுக்கலாம். நிரல் எழுதப் படிக்கிற பிள்ளை கருவி செய்யப் படிப்பதில்லை. இருவருமே வாவியைப் படிப்பதில்லை.

இதில் என்ன இழக்கிறோம் என்று ஒரு வேலையைக் கொண்டு காட்டுகிறேன்.

மாரியில் வயல்களை வெள்ளம் மூடினால் முகத்துவாரத்து மணல்திட்டை எப்போது வெட்டுவது என்ற பேச்சு ஊரெல்லாம் எழும். வெட்டினால் வெள்ளம் கடலுக்கு வடியும். பிறகு உப்புநீர் வாவிக்குள் ஏறும். ஆகவே நீர்மட்டம் இங்கே எல்லோருக்கும் வேண்டிய கணக்கு. அதை அளக்கும் மானியைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளே செய்யலாம். ஒரு மிதவை, அதில் கட்டிய நூல், நூல் சுற்றிவரும் சில்லு, சில்லின் அச்சில் ஒரு மாறுந் தடையி. பழைய றேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அதே சாமான்தான். தண்ணீர் ஏற ஏறத் தடை மாறும். ஆர்டுயினோ என்ற சிறு மின்சுற்றுப் பலகை அதை 0 முதல் 1023 வரையான எண்ணாக வாசிக்கும். எண்ணைச் சென்ரிமீற்றராக்க நாலு வரி நிரல் போதும்.

நிரல் முடிந்த இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. இந்தத் தடையி ஏறத்தாழ 270 பாகைதான் திரும்பும், அதாவது முக்கால் சுற்று. ஒரு மீற்றர் ஏற்ற இறக்கத்தை அளக்க 42 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு வேண்டும். அதை எங்கே வாங்குவது? சின்னப் பிள்ளைகளின் 20 அங்குலச் சைக்கிள் றிம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். நூல் வழுக்காமல் உட்காரக் குழியும் அதிலேயே உண்டு. தோணி ஒன்று போனால் அலையில் எண் துள்ளும். இருபது வாசிப்பின் சராசரியை எடுப்பது நிரல் வழி. அடியில் சிறு துளையிட்ட குழாய்க்குள் மிதவையை இறக்கி அலையைத் தணிப்பது கைவழி. இரண்டையும் செய்து பார்த்த பிள்ளைக்கு எந்தப் பிழையை எங்கே தீர்ப்பது என்று தெரிந்துவிடும். பாஸ்கல் மொழியில் எழுதிய நிரலைத் திரையில் மட்டும் ஓடவிட்ட பிள்ளைக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. செப்பு முனைகளைப் பச்சையாக்கும் உப்புக்காற்றை எந்தத் திரையும் காட்டாது.

கையும் கணக்கும் சேர்வது நமக்குப் புதிதல்ல. காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்தர் 1916-இல் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர். 1947-இல் வெளிவந்த அவரது ‘யாழ் நூல்’ மறைந்துபோன ஓர் இசைக்கருவியைக் கணக்கால் மீட்கப் பார்த்தது. கருவியும் கணிதமும் அவரிடம் ஒரே பாடமாக இருந்தன.

கைவேலையைப் பாடமாக்க நாடும் ஒருமுறை முயன்றது. 1972-இன் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்து, அந்தந்தப் பகுதியின் தொழிலை வகுப்புக்குள் கூப்பிட்டது. பெற்றோர் அதை இரண்டாந்தரப் படிப்பாகப் பார்த்தார்கள். 1977 ஆட்சி மாற்றத்தோடு அது கைவிடப்பட்டது. தொழிலைச் சொல்லிக்கொடுத்தது அல்ல அதன் குறை என்பேன். தொழிலோடு கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் பின்னியிருந்தால் பெற்றோர் அதை அவ்வளவு இலகுவாக ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

தகப்பனுக்கு நான் சொன்னது இது: சாதாரண தரத்தில் எதை எடுத்தாலும் கதவு அடைபடாது. 2013-இல் தொடங்கிய உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் பொறியியற் தொழினுட்பவியலோடு தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலையும் எடுக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை.

அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப பாதையில ஏறி அக்கரைக்குப் போகவேணுமோ, சேர்?”

பாதை என்று அவர் சொன்னது வாவியைக் கடக்கும் மிதவைப் படகை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடும் அந்தப் பாதையில் அடுத்த வாரம் ஏறுவோம்.